நாத்தனார் முடிச்சு

என் முகத்தின் இடது பாதி பட்டாசுக் கம்பெனியில் போனது. பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் நானும் கண்ணெடுக்காமல் பார்ப்பேன்; அவர்களாகவே திரும்பிக்கொள்வார்கள். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். தீக்காயம் பட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவர்களை வெளியே கூட்டிவர அந்த வாய்தான் உதவுகிறது.

திருத்தங்கலில் அப்படி ஒரு பெண். பட்டாசு மருந்து தீப்பற்றி முகம் முழுக்க வெந்துபோனவள், வாசலுக்குக்கூட வருவதில்லை. அவள் அண்ணனுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கம் தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனாருடையது. வீட்டிலோ சித்தப்பா மகளைப் போடச் சொல்வதென்று முடிவு செய்திருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கூடப் பொறந்தவ உசுரோட இருக்கையில எதுக்கு எரவல் நாத்தனாரு?" என்று அவள் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாக தாயி. எம்மக தாங்க மாட்டா" என்று அழுதவர், கடைசியில் சரி என்றார்.

அவளைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்புறம் ஒரு பாவாடை நாடாவை என் கழுத்தில் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகினாள். "மெதுவாடி, எங் கழுத்து!" என்று கத்தினேன். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முகமும் அதில் இருந்தது. அவளுடையதும் இருந்தது, தீப்பிடிப்பதற்கு முன்னால் எடுத்த போட்டோ. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

மேடையில் மணமக்களுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் நான். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்பு மணப்பெண்ணின் அத்தை ஒருவர், கொஞ்சமும் வஞ்சகமில்லாமல், அவளிடமே கேட்டார்: "ஏம்மா, வாசல் போட்டோவுல இருக்கே மாப்பிள்ளை தங்கச்சி, அந்தப் புள்ள எங்கன? முடிச்சுப் போட வரச்சொல்லு, நேரமாகுதுல்ல."

என் வாய் அப்போது பார்த்து அடைத்துக்கொண்டது.

"அவ வரல அத்தை" என்றாள். சொல்லிவிட்டு விலகி, சித்தப்பா மகளுக்கு இடம் விட்டாள். மேளம் கொட்டியது. அட்சதை எங்கள் இருவர் மேலும் விழுந்தது.

பந்தி நடக்கும்போது, அந்தப் பழைய போட்டோவை எதற்குப் போட்டீர்களென்று அவள் அம்மாவை நாலு கேள்வி கேட்கலாமென்று போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மக எம்புட்டு அழகா இருந்தான்னு அந்தச் சனம் ஒரு தடவையாச்சும் பாக்கட்டுமேன்னுதான் தாயி போட்டேன்."

எனக்கு அழுகைதான் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலும் என் பழைய முகம் தொங்குகிறது. மாட்டியது என் அம்மா. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதைக் கழற்றவில்லை.