நாற்பது வினாடி

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் என்னோடு அதே பஸ்ஸில் ஏறி, அதே பிரிவுக்கு வருகிறவள் ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அவள் வாசல் தாண்டுவதே வெளியூரில் இருந்த அவளுடைய அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. வேலை என்று ஒன்று இருந்ததால்தான் விட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் முகமே மாறிவிடும். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

மில்லில் விற்பனை ஆபீஸ், கோடவுன் எல்லாவற்றிலும் இருந்த கம்ப்யூட்டர்களைக் கேபிள் போட்டு இணைத்திருந்தார்கள். எந்த நம்பர் நூல் எத்தனை மூட்டை இருக்கிறது என்று கோடவுனுக்குப் போன் போட்டுக் கேட்பதற்குப் பதிலாக, திரையில் வரும் பக்கத்தில் கேட்டால் பதில் வரவேண்டும். அந்த ஏற்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். எங்கிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் வாங்கி, அது எதைப் பற்றியது என்று பார்த்து, அதற்கான துண்டு புரோகிராமிடம் தள்ளிவிடும் பொதுச் சட்டகம் நான் எழுதியது. அந்தத் துண்டுகளை ஹேண்ட்லர் என்போம். விலைக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, லாரி அனுப்பியதற்கு ஒன்று. இருப்பைச் சொல்லும் ஹேண்ட்லர் அக்கா எழுதியது.

மூன்றாவது மாதம் புகார் வந்தது. இருப்பைக் கேட்டால் பக்கம் நிறைவதற்குள் போனில் இருக்கும் வியாபாரி வைத்துவிடுகிறாராம். மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"ஏம்மா, எது இழுக்குதுன்னு எனக்குத் தெளிவாத் தெரியணும். சும்மா வாயில சொல்லாத. பேப்பர்ல குடு."

என் சட்டகத்தில் சில வரிகள் சேர்த்தேன். ஒரு கேள்வியை ஹேண்ட்லரிடம் கொடுக்கும் முன்பு மணியைக் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் மறுபடி குறிக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஹேண்ட்லரின் பெயரோடு ஒரு ஃபைலில் எழுதும். எனக்கு அதில் பெருமையாகவே இருந்தது. ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் ஒன்று, இரண்டு வினாடி. இருப்பு மட்டும் காலை பத்து மணிக்கு மேல் நாற்பது வினாடி வரை போயிருந்தது.

பிரிண்ட் எடுத்ததும் முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். அவள் தாளை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் தனியா ஓட்டிப் பாக்கையில ரெண்டு செகண்டுதானட்டி வருது. எங்கயோ தப்பு இருக்கு. செத்த பொறு, பாத்துச் சொல்றேன்."

"மேனேஜர் இன்னைக்கே கேட்டாருக்கா."

நான் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மேனேஜரின் மேஜையில் என் தாள் விரித்தபடி கிடந்தது. அவர் எண்களில் விரலை வைத்துக் காட்டினார். அவள் வாதாடவில்லை. பஸ்ஸில் எப்போதும் போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பாதி வழியில், "இன்னைக்குக் கூட்டம் அதிகமா இருக்குல்ல" என்றாள். ஆமாம் என்றேன்.

அந்த ஹேண்ட்லரைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. முழுவதையும் புதிதாக எழுதினேன். நாற்பது வினாடி அப்படியே இருந்தது. இன்னொரு முறை எழுதினேன். குறையவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான், நேரம் குறிக்கும் வரிகளை ஹேண்ட்லருக்கு உள்ளேயே போட்டுப் பார்க்கத் தோன்றியது. உள்ளே ஆன நேரம் இரண்டு வினாடி.

பிறகு என் சட்டகத்தை வரி வரியாகப் படித்தேன். கோடவுன்காரர்கள் இருப்பு ஃபைலில் எழுதும்போது வேறு யாரும் அதைத் திறந்துவிடக் கூடாது என்று, வாசிக்க வருகிறவர்களையும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு ஒன்றை நான் போட்டிருந்தேன். பத்து மணிக்கு எல்லாரும் இருப்பைக் கேட்பார்கள். ஒருவர் முடிக்கும்வரை மற்ற அத்தனை பேரும் பூட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நான் மணியைக் குறிக்க ஆரம்பித்த இடம் அந்தப் பூட்டுக்கு முன்னால் இருந்தது. என் பூட்டால் ஆன காத்திருப்பு முழுவதையும் அவள் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன்.

சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேனேஜரிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன்.

"இப்ப சரியாயிருச்சுல்ல? பொறவு என்ன."

"அக்காவத் திரும்பக் கூப்பிடணும் சார்."

"போனவியள எதுக்கும்மா இழுத்துக்கிட்டு? அதான் நீ ஒருத்தியே எல்லாத்தையும் பாக்கியே."

நானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டுக்குப் போனபோது, வ. புதுப்பட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்றார் அவள் அப்பா. அந்த ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடித்துப் போனேன். வீட்டை ஒட்டிய களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாசிக்கிறவுக ஒருத்தருக்கொருத்தர் காத்திருக்க வேண்டியதில்லையே. எழுதையில மட்டும் பூட்டுனாப் போதுமே" என்றாள்.

எனக்கு ஒரு மாதம் பிடித்தது, அவளுக்கு நின்ற இடத்தில் விளங்கிவிட்டது.

"ஆமாக்கா."

"செத்த பொறுன்னுதான சொன்னேன்."

அண்ணனிடம் நானே பேசட்டுமா, வேறு மில்லில் கேட்கட்டுமா என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஒரு தரம் வேலை சரியில்லன்னு அனுப்பிட்டாகன்னு ஆயிப்போச்சு. இனி நீ என்ன சொன்னாலும் இவுக விடமாட்டாக. வெயில் ஏறுது, நீ கெளம்பு."

அதன் பிறகும் மூன்று வருஷம் அதே மில்லில் வேலை பார்த்தேன். சம்பளம் கூடியது. புதிதாக வந்தவர்கள் அந்த ஏற்பாட்டை நான் தனியாக எழுதியதாகவே நினைத்தார்கள். சிலரிடம் இல்லை என்றேன். பலரிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் இன்னொரு முறை வ. புதுப்பட்டிக்குப் போனேன். அண்ணன் மனைவி வாசலை மறித்தாற்போல நின்று, அவள் வயலுக்குப் போயிருக்கிறாள், வரப் பொழுதாகும் என்றாள். உள்ளே யாரோ இருமினார்கள். அவளுடைய இருமல்தான், எனக்குத் தெரியும். வந்ததாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.