சூடேறாத லேப்டாப்

கம்ப்யூட்டர் கடை வைத்தால் கம்ப்யூட்டர் விற்கலாம் என்று நம்பித்தான் நானும் குன்னூரில் கடை திறந்தேன்; பண்ணிக்கொண்டிருப்பது என்னவோ பஞ்சாயத்துதான். எந்தச் சிப் கரண்ட் கம்மியாகக் குடிக்கும், எது சூடாகாது, என் மச்சான் ஏன் வேறு மாதிரி சொல்கிறான்... கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எல்லாருக்கும் இந்தத் தலைவலி உண்டு. வாங்க, சேர்ந்தே புலம்பலாம்.

நானோமீட்டர்

பக்கத்து டீ ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ஒரு நாள் போனை நீட்டினார். ஒரு சிப் நாலு நானோமீட்டர், இன்னொன்று ஏழு. எது நல்லது? சிப்புக்குள் இருக்கும் சின்னச் சின்ன சுவிட்சுகள் எவ்வளவு பொடிசோ, அதே வேலைக்கு அவ்வளவு கம்மியாகக் கரண்ட் போகும் என்றேன். “அப்ப நாலே குடுங்க” என்று எழுந்துவிட்டார்.

“உக்காருங்க. அந்த நம்பரை யாரும் ஸ்கேல் வெச்சு அளக்கல. ஒவ்வொரு கம்பெனியும் தன் தயாரிப்பு முறைக்குத் தானே வெச்சுக்கிற பேரு அது. ஒருத்தரோட ஏழும் இன்னொருத்தரோட பத்தும் ஒண்ணாக்கூட இருக்கும். எத்தனை வாட் இழுக்குதுன்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.” உட்கார்ந்தவர் சிரித்துவிட்டார். “அட, நாங்க பாக்கெட் மேல ‘ஸ்பெஷல்’னு போடற கதைதானுங்களா? முன்னாலயே சொல்றதுக்கென்னங்க!”

குந்தாவில் கரண்ட் இல்லை

கலைவாணி குந்தாப் பக்கத்து எஸ்டேட்டுப் பெண். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை, கோயம்புத்தூர் கம்பெனியில், வீட்டிலிருந்தே. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க, அப்பா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவள் ஒருத்திதான். ஆனால் கரண்ட் போய் ஷிப்ட் நடுவில் அடிக்கடி காணாமல் போனால் கோயம்புத்தூருக்கே வந்துவிட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவளுடைய பழைய லேப்டாப்போ அடுப்பு மாதிரி கொதிக்கும். சார்ஜர் இல்லாவிட்டால் உடனே படுத்துவிடும்.

புதுசு வாங்க வந்தவளுக்கு இரண்டு லேப்டாப்பில் சார்ஜர் இல்லாமல் காலையிலிருந்து ஒரே வீடியோவை ஓடவிட்டுக் காட்டினேன். பெரிய பேர் வாங்கிய சிப் மத்தியானமே மூச்சை விட்டது. இன்னொன்று சாயங்காலம் வரை அலட்டிக்காமல் ஓடியது. அதையே எடுத்தாள். கூட வந்திருந்த அப்பா முருகேசன், எஸ்டேட் டிராக்டர் டிரைவர், பெருமூச்சு விட்டார். “பவர் ஹவுஸ் எங்க ஊட்டுக்கு எதுக்கத்தானுங்க இருக்குது. எங்களுக்குத்தான் கரண்ட் வரமாட்டேங்குது.”

கடையில் மட்டும்

மழை தொடங்கியதும் கலைவாணி வந்து லேப்டாப்பை டொம்மென்று மேஜையில் வைத்தாள். மத்தியானத்துக்கே அணைந்துவிடுகிறதாம். கம்பெனியில் எச்சரிக்கை கொடுத்தாயிற்று. இன்னொரு தடவை என்றால் கோயம்புத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் பொறுக்கியெடுத்துக் கொடுத்த சரக்காயிற்றே!

நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மறுபடி முழுசாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்து, அப்படியே சொன்னேன். அவள் கோபப்படக்கூட இல்லை. “உங்க கடையில நல்லாத்தான் ஓடுதுக்கா. எங்கம்மா உங்க கடையிலயா படுத்திருக்குது?”

மேடு

அந்தப் பேச்சு தைத்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குந்தாவுக்கே போனேன். முந்தின நாள் காற்றில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. கலைவாணி உள்ளே அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் முருகேசன் மடியில் லேப்டாப், மேலே கம்பளி. முழு வெளிச்சத்தில் ஜல்லிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டரி பாதிக்குக் கீழே.

தினமும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்ததும் அவர்தான் அதைப் போட்டுச் சூடுபண்ணி மகளிடம் கொடுப்பாராம். பழையது சீக்கிரம் சூடாகிவிடும். இது எத்தனை வீடியோ ஓட்டினாலும் சில்லென்றே இருக்கிறதே என்று, சூடேறட்டும் சூடேறட்டும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனுஷன்! பாட்டரி குறைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், கரண்ட் இல்லாததால் சார்ஜ் ஏறவில்லை என்று கலைவாணி நினைத்துக்கொண்டாளாம். கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“சூடாகக் கூடாதுன்னுதானேங்க தேடிப் புடிச்சுக் குடுத்தேன்! கரண்ட்டைக் கம்மியாக் குடிக்குது, அதனாலதான் சூடாகறதில்ல!” என்று கத்தியேவிட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏனுங்க அம்மிணி, இந்தக் குளுருல சூடு பண்ணாம வண்டியெடுத்தா மேட்டுல ஏறுமுங்களா?”

ஷிப்ட்

அடுத்த வாரம் மரம் சாய்ந்து லைன் அறுந்து, பகல் முழுக்க குந்தாப் பக்கம் கரண்ட் இல்லை. அன்று கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் போன் வந்தது. ஷிப்ட் முடிந்தும் பாட்டரி மிச்சம் இருக்கிறதாம். அப்பாவை மட்டும் காலையில் லேப்டாப் பக்கமே விடவில்லையாம். மாசக் கடைசியில் மறுபடி கூப்பிட்டாள்: இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை, கோயம்புத்தூர் போக வேண்டாம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அம்மா பேச வேண்டுமாம் என்று போனை அவர் காதில் வைத்தாள். குழறிய பேச்சுதான், ஆனாலும் புரிந்தது. “எம் புள்ள இங்கயே இருக்குது சாமி.”

ஆகவே சக வியாபாரிகளே, இந்த மலையில் லேப்டாப் விற்கும்போது சிப்பின் தரத்தோடு, வாங்குகிறவரின் அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.