கதவில் கட்டிய வேப்பிலை

வேலையில் சேர்ந்த முதல் மாதம், சுகாதார அலுவலகத்தின் பழைய கோப்புகளை ஸ்கான் செய்யச் சொன்னார்கள். அவற்றுள் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இதே ரொறன்ரோவில் வீடு வீடாக நடந்த ஒரு சுகாதாரத் தாதி எழுதியது. ஒரு பிள்ளைக்குத் தொண்டையை அடைக்கும் டிப்தீரியா என்றால், யாரும் உள்ளே வரக்கூடாது என்ற அட்டையை வாசற்கதவில் அடிப்பது அவளுடைய வேலை. வீட்டார் வெட்கத்தில் அதைக் கிழித்துவிடுவார்கள். அவள் மறுநாளும் பனிக்குள் நடந்துபோய் இன்னொன்றை அடிப்பாள். ஒரு வீட்டுக்கு ஐந்து தடவை போயிருக்கிறாள். ஒரு வரியிலும் சலிப்பு இல்லை. வாசித்ததில் மதியச் சாப்பாடே மறந்துபோனது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தாதி என்ற அட்டையைக் கழுத்தில் போட்டால் தலை தானாக நிமிரும். மில்லிக்கன் பகுதியில் ஒரு தமிழ் வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். ஆறு வயது மகனுக்குச் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, என்று பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. வருகிற சனிக்கிழமை மூத்த மகளின் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா.

"தங்கச்சி, உது வெறும் வெக்கைப் பரு," என்றார் தாய். "ஹோல் புக் பண்ணி, முந்நூறு பேருக்குச் சொல்லியாச்சு."

நான் துண்டுப்பிரசுரத்தை நீட்டி, கிருமி காற்றில் பரவுவதை விளக்கினேன்.

"படிச்ச பிள்ளையள் எல்லாத்துக்கும் ஒரு பேப்பர் கொண்டு வருவியள்."

அரை மணித்தியாலம் போனது. கடைசியில், கைக்குழந்தை யாராவது வருகிறதா என்று கேட்டேன்.

"தம்பியின்ர பிள்ளை. நாலு மாசம். சனிக்கிழமைதான் முதல்முதலாக் காட்டக் கொண்டு வருகினம்."

"அந்த வயசில தடுப்பூசி போடேலாது அக்கா."

அவர் மகனைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் தம்பியின் மனைவியை அழைத்தார்.

"மச்சாள், வீட்டில அம்மாள் வந்திருக்கிறா."

அவ்வளவுதான். அம்மை கண்ட வீட்டில் அம்மன் குடியிருப்பதாக நம்பிக்கை; வெளியார் உள்ளே போகமாட்டார்கள். மறுமுனையில் ஒரு கேள்வியும் இல்லை. "ஓம் மச்சாள், ஓம். நான் எல்லாருக்கும் சொல்லுறன்."

"சீரியஸா அம்மா? என்ர பிரெண்ட்ஸ் எல்லாரும் உடுப்பு வாங்கிட்டினம்!" என்று மகள் மாடியிலிருந்து கத்தினாள்.

"பொறு. அம்மாள் இறங்கிப் போனாப் பிறகு வைப்பம்."

நான் துண்டுப்பிரசுரத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை பகல், நிலைமை பார்க்க மறுபடி போனேன். கதவுப் பிடியில் தமிழ்க் கடையில் வாங்கிய வேப்பங்கொத்து கட்டியிருந்தது. விட்பி நகரிலிருந்து வந்த தம்பி குடும்பத்தின் கார் தெருவிலேயே நின்றது. அந்த மச்சாள் இறங்கி, பலகாரப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, பெல்லைத் தொடாமல் திரும்பினார். பிறகு குழந்தையைக் கார்க் கண்ணாடியருகே தூக்கிக் காட்டினார். மேல் யன்னலில் தாயும், முகமெல்லாம் சிவந்த மகனும் கைகாட்டினார்கள்.

ஐந்து தடவை பனியில் நடந்தவளை நினைத்துக்கொண்டேன். அந்தக் கொத்தை யாரும் கிழிக்கப்போவதில்லை. கார் திரும்பிப் போகும்வரை நடைபாதையிலேயே நின்றேன்.