வகுப்பில் எத்தனையாவது?

ஒஸ்லோவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கணிதத் தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நூற்றுக்கு எத்தனை என்ற புள்ளி எங்கேயும் இல்லை. சமன்பாட்டில் மறுபக்கம் போன எண்ணுக்குக் குறி மாற்ற மறந்திருந்தாள். கீழே, "இந்த வரியை மறுபடி பார். செவ்வாய்க்கிழமை செய்து காட்டு" என்று ஆசிரியை இங்ரிட் எழுதியிருந்தார். பெற்றோர் சந்திப்பில் நான் விடவில்லை. "வகுப்பில் இவள் எத்தனையாவது?" என்று கேட்டேன். இங்ரிட் யோசித்துவிட்டு, "உயரத்திலா?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தை அவருக்கு எப்படிச் சொல்வது? தவணைப் பரீட்சை முடிந்தால் வகுப்பே இடம் மாறும். புள்ளி வரிசைப்படிதான் உட்கார வேண்டும், ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி சாந்தியும் நானும் எப்படியோ அடுத்தடுத்த இடம் பிடித்து, ஒன்பதாம் வகுப்புவரை ஒன்றாகவே இருந்தோம். ஜன்னல் வழியே பனி உள்ளே வரும். ஒட்டி உட்கார்ந்து, பாடம் நடத்தும் சேர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து ரொட்டியைப் பிட்டுத் தின்போம். அந்தக் குளிருக்கு இன்றும் ஏங்குகிறேன். ஒன்பதின் கடைசித் தவணையில் சாந்தி கணிதத்தில் சறுக்கினாள். இதே குறி மாற்றும் பிழைதான். தாளில் சிவப்புக் கோடும் புள்ளியும் மட்டும் இருந்தன. கடைசி பெஞ்சுக்குப் போனாள். சேரின் கேள்விகள் அங்கே போவதில்லை. தேறும் பிள்ளைகளின் தொகையை மேலிடத்துக்குக் காட்ட வேண்டியவர் அவர், பாவம். ஆனால் சாந்திக்கு எது விளங்கவில்லை என்பதை அந்தப் பரீட்சை யாருக்கும் சொல்லவில்லை. எங்கே உட்கார வேண்டும் என்றுதான் சொன்னது. இரண்டு வருடம் கழித்து, சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் கணிதம் போனது. தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து சாந்தியே தொலைபேசியில் அழைத்தாள்.

"என் மக மூணாவதா வந்துட்டா டி! முன்னுக்கு உக்கார வச்சிருக்காங்க!"

சந்தோஷத்தில் கத்திவிட்டேன். கடைசி பெஞ்சில் இப்போது யார் என்று கேட்க வாய் வரவில்லை.

"ஒன் மக எத்தனையாவது?"

"இங்க அப்படியெல்லாம் பாக்குறதில்ல டி."

"கொறஞ்சுட்டாளா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? அடுத்த தவணைக்குப் பாத்துக்கலாம்."

இங்ரிட்டுக்கு என் கேள்வி விளங்கவில்லை, இவளுக்கு என் பதில் விளங்கவில்லை. யாருக்கு எதைச் சொல்வது?

"நாலாவது" என்றேன்.

சாந்தி சிரித்தாள். "அப்ப ரெண்டும் ஒரே பெஞ்சி டி."