வட்டம் விழாத தட்டு

ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்டார் என்று அவர் தங்கை போனில் சொன்னபோது, நான் ஓடைத் தண்ணீர் பாட்டிலில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலுக்கு, அவருக்கே போக வேண்டிய பாட்டில்.

கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதிக்கப் பண்ணைக்காட்டுக்கு வந்த முதல் நாளே, ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம், "உங்க எழுத்து முத்து முத்தா இருக்குங்க, நீங்களே எழுதிருங்க" என்று பேனாவை நீட்டினார். அன்றிலிருந்து எல்லாப் பாட்டிலிலும் என் கையெழுத்துதான். பேத்திகளிடம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுத்துவிட்டது.

எந்தத் தண்ணீரை எத்தனை டம்ளர் குடிக்கிறீர்கள், எதில் கீரை அலசுகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்பார்.

"எண்ணிக்கிட்டா குடிப்பாக? ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மா.

மேடம் சிரித்தார். "தண்ணியில கிருமி இருக்குறது ஒண்ணு, அது உங்க வயித்துக்குள்ள வர்றது இன்னொண்ணுங்க. ரெண்டும் தெரிஞ்சாத்தான் பயப்படணுமா வேணாமான்னு சொல்ல முடியும்."

ஒருமுறை, எங்கள் தண்ணீரிலிருந்த கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்க, நடுவே மருந்து வில்லை. மருந்துக்குக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழுமாம். மேட்டுச் சுனைத் தட்டில் விழுந்திருந்தது. எங்கள் ஓடைத் தட்டில் வட்டமே இல்லை. வில்லையை ஒட்டி நெருங்கி நின்றது கிருமி. அந்த ஓடையில் கலங்கல் இல்லை, நாற்றம் இல்லை. அடிக் கூழாங்கல் வரை தெரியும். அதில்தான் என் பேத்திகள் வாய் கொப்பளிப்பார்கள். மறுநாள் கரையில் நிற்கக் கால் கூசியது.

கோழிக்கு மருந்துப்பொடி கலக்கிய மிச்சத்தை, மருந்துதானே, ஓடைக்கும் நல்லது என்று பல வருடம் அதில் ஊற்றியவள் நான். அவரிடம் மட்டும் சொன்னேன்.

"மருந்து பழகிப் பழகித்தான் கிருமி அதுக்குச் சாகாமப் போகுது. ஆனா தெரியாம செஞ்சதுங்க. ஊத்துற மத்தவங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

சரி என்றேன். வெட்கத்தில் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் ஓடைப் பாசிக்கல்லில் வழுக்கி, அவர் காலில் காயம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாருடைய காலையோ பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்: "இங்கயும் புண்ணுல எடுத்துத் தட்டு வச்சுப் பாத்தாங்க. எந்த மருந்துக்கும் வட்டம் விழலைங்க."

"நம்ம ஓடையாலயா மேடம்?"

"எங்க ஒட்டுச்சுன்னு தெரியலைங்க. தெரியாதத தெரியாதுன்னுதான் எழுதணும்." பிறகு கேட்டார்: "ஊர்ல சொல்லிட்டீங்களா?"

நான் தலையாட்டினேன். அது பொய்.

மேடம், ஓடையில் மருந்து ஊற்றியதை இப்போது என் பெயர் போட்டு, ஊரில் எல்லாரும் படிக்க எழுதிவிட்டேன். அந்தப் பாட்டில் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

போய் வாருங்கள்.