அப்பாவின் கை எட்டிய இடம்

முதலியார்பேட்டையில் எங்கள் பழைய வீட்டை ஒட்டி, அப்பாவுக்காக அட்டாச்டு பாத்ரூமோடு ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தோம். மழையில் கொல்லைக் கழிப்பறைக்குப் போய் அவர் ஒருமுறை வழுக்கி விழுந்திருந்தார்.

பூச்சு வேலை முடிந்ததும் கொத்தனார் அப்பாவைப் புது பாத்ரூமில் நிற்கவைத்து, அவர் கை எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கைப்பிடி வைப்பதற்காக.

"இந்த வயசுல எனக்குப் புது ரூம் கேக்குதா" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனாலும் கோடு போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

போன மாதம் இறந்துபோனார். வேலையும் நின்றுபோனது.

இந்த வாரம் டைல்ஸ் ஒட்டிக் கைப்பிடி வைக்க லாஸ்பேட்டையிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

"இன்னா சார், கோடு இவ்ளோ கீழ இருக்கு?"

"அப்பாவுக்குங்க. மில்லுல வேல பாத்தவரு, முதுகு வளைஞ்சிருக்கும்."

"ஒரு தடவ வரச் சொல்லுங்க சார். புடிச்சுப் பாத்துட்டாருன்னா டிரில் போட்டுடலாம்."



"அவரு பாத்துட்டாரு. அங்கயே வைங்க" என்றேன்.

எல்லாம் முடிந்து அவர் கிளம்பிய பிறகு நான் பிடித்துப் பார்த்தேன். முதுகை நன்றாக வளைத்தால்தான் எட்டுகிறது.

இந்தப் பதிவோடு பாத்ரூம் போட்டோ போட்டிருக்கிறேன். டைல்ஸ் நிறத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கைப்பிடி தாழ்வாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.