நூற்றுக்கு ஒன்று

மதியம் பன்னிரண்டு மணி ஆனால் போதும், எங்கள் அலுவலக நடையில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் 'மால்ட்சைட்' என்பார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். ஊரில் 'சாப்டாச்சுங்களா' என்று கேட்பார்களே, அதுதான் போலிருக்கிறது என்று வந்த புதிதில் நினைத்துவிட்டேன். இன்னும் இல்லை, எலுமிச்சைச் சோறு கொண்டுவந்திருக்கிறேன், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு என்று ஒருவரை நிறுத்தி விளக்கமாகச் சொன்னேன். மனிதர் மிரண்டு நின்றார். இப்போது நானும் 'மால்ட்சைட்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன். ஜெர்மனிக்கு வந்த இந்த ஏழு மாதத்தில் சுலபமாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

சமையலறை அலமாரி விற்கும் கம்பெனிகள் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று படம் பிடித்து அளவோடு எங்களுக்கு அனுப்புகின்றன. அந்தத் தட்டைப் படங்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் செய்வது என் வேலை. வாங்க நினைப்பவர் தன் வீட்டுச் சுவருக்கு முன் போனை நீட்டினால், அலமாரி அங்கே நிற்பதுபோல் தெரியும். காலையிலிருந்து மாலைவரை அலமாரி, அலமாரி, அலமாரி. கழுத்து பிடித்துக்கொள்கிறது. அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. அலுப்பாக இருக்கிறது, அதை மறைக்க விருப்பமில்லை.

துடியலூரிலும் எனக்கு இதே வேலைதான், ஆனால் பவுண்டரியில். பம்ப் உடைந்தால் விவசாயிகள் அந்தப் பாகத்தை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புவார்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்திருப்பார்கள், சிலர் தீப்பெட்டியை. நான் மாடல் செய்து கொடுப்பேன், போர்மேன் நடராஜண்ணன் அதற்கு அச்சுச் செய்து இரும்பு ஊற்றுவார். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மாடல் நூற்றுக்கு ஒன்று பெரிதாக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் கடைசியாக அந்த எண்ணை அடித்துவிட்டுத்தான் சேவ் செய்வேன். பதினோரு வருடம் அடித்த கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இங்கேயும் அடித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அலமாரிகள் தனித்தனியாகப் போனவரை யாரும் கவனிக்கவில்லை. ஆறாம் மாதம் என் அலமாரிகள் ஐந்தைத் திரையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். கடைசி அலமாரி மூன்று சென்டிமீட்டர் சுவருக்குள் புகுந்துவிட்டது. மேலதிகாரி ஆன்யா கூப்பிட்டுக் கேட்டார். "இரும்பு சுருங்கும்" என்றேன். "இது மரம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மரம்கூட இல்லை, படம். படம் எதற்குச் சுருங்க வேண்டும்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

ப்ரோபெட்சைட் எனும் ஆறு மாதச் சோதனைக் காலம் முடிய அப்போது மூன்று வாரம் இருந்தது. அதில் தேறி வேலை நிரந்தரமானால்தான் மனைவி கவிதாவும் மகளும் இங்கே வருவதாக ஏற்பாடு. அதை நம்பி மகளுக்கு ஊரில் பள்ளிக்கூட இடம்கூட வாங்காமல் வைத்திருந்தோம். பயந்துவிட்டேன். அதுவரை செய்த அத்தனை மாடல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்தேன். அந்தக் கடைசி எண்ணைத் தொடவே கூடாது என்று கைக்குப் பாடம் சொன்னேன். கை கற்றுக்கொண்டது. வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்ததைச் சொன்னபோது கவிதா, "நெசமாலுமேங்களா? அப்ப அம்மிணிக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போடட்டுங்களா?" என்றாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம் நடராஜண்ணன் ஒரு படம் அனுப்பினார். கொடுமுடியில் ஒரு வாழைத் தோட்டத்துப் பம்ப் மூடி, பழைய மாடல், கடையில் கிடைக்காதது. எனக்குப் பதிலாக வந்த ஆள் லீவாம். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆசையாகச் செய்து அனுப்பினேன். ஜெர்மனிக்கு வந்தபின் நான் சந்தோஷமாகச் செய்த ஒரே வேலை அது. பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"ஏங்கண்ணு, மூடி சின்னதாப் போச்சு. சுருக்கம் போடலியாட்ட இருக்குது?"

"மறந்துபோட்டேங்கண்ணா."

அவருக்குப் பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

"செரி உடு. நாங்க வேற ஊத்திக்கறோம். இத்தன வருசத்துல ஒருக்காக்கூட நீ மறந்ததில்ல. அந்த ஊரு பழகிருச்சு. நல்லதுதான் கண்ணு, பொண்டாட்டி புள்ளயோட அங்க பொழைக்கோணுமில்ல."

அவர் திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் பாயாமல் அந்தத் தோட்டம் பத்து நாள் காத்திருந்திருக்கிறது, என்னை நம்பி.

திங்கட்கிழமை காலை ஓர் அலமாரியை முடித்துச் சேவ் செய்யப் போனேன். கை நின்றுவிட்டது. எண்ணை அடித்தேனா, இல்லையா, அடிக்க வேண்டுமா, கூடாதா, ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று முறை அளந்து பார்த்தேன். அறுபது சென்டிமீட்டர், சரியாக இருந்தது. நான்காவது முறையும் அளந்தேன்.